சரித்திரப் பாடமும் வரலாற்றுப் பாடமும்

எங்கள் கொப்பி மட்டைகளில் ‘சரித்திரம்’ என்று எழுதினோம். இன்று என் பேத்தி ‘வரலாறு’ என்று எழுதுகிறாள். நாங்கள் ‘குடியியல்’ படித்தோம்; அவள் ‘குடியுரிமைக் கல்வி’ படிக்கிறாள். எங்கள் ‘பூமிசாஸ்திரம்’ அவளுக்குப் ‘புவியியல்’. இரண்டு கொப்பிகளையும் அருகருகே வைத்துப் பார்க்க ஆசைதான். என்னுடையது 1990 இல் வீட்டோடு போய்விட்டது. வேலணையில் மாணவனாக இருந்து, பின்பு தீவகப் பாடசாலைகளில் இதே பாடங்களைக் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். அதனால் அவளுடைய கொப்பிக்குப் பக்கத்தில் என் நினைவை வைக்கிறேன்.

1969, 1970 ஆம் ஆண்டுகள். வகுப்பில் நாற்பது பேருக்குக் கிட்ட இருந்தோம். சரித்திரப் புத்தகம் ஏழெட்டுப் பேரிடம் இருந்தது. மேல் வகுப்புக்குப் போனவர்களிடம் பாதி விலைக்கு வாங்கி, வீரகேசரித் தாளில் உறை போட்டு, அடுத்த ஆண்டு இன்னொருவருக்கு விற்கும் புத்தகம் அது. அரசகரும மொழித் திணைக்களத்தின் வெளியீட்டுப் பிரிவு ஆங்கில நூல்களைத் தமிழாக்கி வெளியிட்டுக்கொண்டிருந்த காலம். வசனங்கள் நீளமானவை. ஒரு வசனத்தின் தலையை மறந்துதான் அதன் வாலுக்கு வந்து சேருவோம்.

எங்கள் வாத்தியார் ஆங்கிலத்தில் படித்தவர். ஜீ. சீ. மெண்டிஸின் நூல்களை ஆங்கிலத்திலேயே வாசித்து, இரவில் தமிழில் குறிப்பெழுதி, காலையில் வெறுங்கையோடு வகுப்புக்கு வருவார். முதல் வேலை கரும்பலகையில் இலங்கைப் படம். தென்முனையில் வெண்கட்டியை வைத்தால் ஒரே இழுப்பில் கிழக்குக் கரை வழியாக மேலேறி வடமுனையைத் தொட்டு, மேற்குக் கரை வழியாக இறங்கிவிடுவார். பிறகு யாழ்ப்பாணத்துக்கு மேற்கே ஏழு புள்ளிகள் வைப்பார். அதில் ஒன்றை மட்டும் அழுத்திப் பெரிதாக்கி, “நாங்கள் இஞ்ச இருக்கிறம்” என்பார். அதற்குப் பிறகுதான் அனுராதபுரமோ பொலனறுவையோ கோட்டையோ வரும். அன்றைய பாடம் எதுவானாலும் அந்தப் பெரிய புள்ளியிலிருந்துதான் எங்களை அங்கே அழைத்துப் போவார்.

அவர் சொன்னதில் பாதி கதை, பாதி ஆண்டுகள். 1505, 1560, 1619, 1658, 1795, 1815, 1833 என்ற வரிசை இன்றும் நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் என் வாயில் வரும். ஒவ்வொரு ஆண்டுக்கும் ஒரு காட்சி இருந்தது. 1658 என்றால், ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் நடுவே கடலில் நிற்கும் கோட்டை. ஒல்லாந்தர் அதைச் சுற்றி வளைத்தபோது உள்ளே இருந்த போர்த்துக்கேயருக்குக் குடிக்கத் தண்ணீர் இல்லாமல் போயிற்று. அதனால்தான் சரணடைந்தார்கள் என்பார். கிணற்று நீர் உவர்ப்பாகிவிட்டால் நல்ல தண்ணீருக்கு அலையும் தீவுப் பிள்ளைகளுக்கு இதைவிட வேறு விளக்கம் தேவையில்லை. ஒல்லாந்தர் எங்கள் தீவுக்குத் தங்கள் நகரமான லைடனின் பெயரை வைத்தார்கள். நெடுந்தீவு டெல்ஃப்ட் ஆயிற்று. காரைதீவு அம்ஸ்ரர்டாம் ஆயிற்று. நாங்கள் உலகப் படத்தில் ஒல்லாந்தைத் தேடிக் கண்டுபிடித்து, அந்த ஊர்கள் உண்மையிலேயே அங்கே இருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டோம்.

பரீட்சையில் கட்டுரைதான் எழுத வேண்டும். காரணங்கள் ஐந்து, விளைவுகள் ஐந்து. பாடமாக்கியதை எழுதினோம் என்பது உண்மை. ஆனால் மூன்று பக்கம் தொடர்ந்து எழுதும் கை அப்போது பழகியது. ஒன்றிலிருந்து மற்றொன்று எப்படி வந்தது என்று சொல்லும் பழக்கம் அதோடு சேர்ந்து வந்தது.

1972 இல் கல்விச் சீர்திருத்தம் வந்தது. சரித்திரமும் பூமிசாஸ்திரமும் குடியியலும் தனித்தனிப் பாடங்களாக இருந்தவை கரைந்து, ‘சமூகக் கல்வி’ என்ற ஒன்றாகின. நான் ஆசிரியனாக வகுப்புக்குள் நுழைந்தபோது என் கையில் இருந்தது அந்தப் பாடம்தான். அதில் ஒரு நன்மை இருந்தது. குடும்பம், கிராமம், பிரதேசம், நாடு என்று பிள்ளைக்குத் தெரிந்த இடத்திலிருந்து தெரியாத இடத்துக்குப் போக வழி செய்தது. தீமையும் இருந்தது. கால ஒழுங்கு உடைந்தது. பராக்கிரமபாகு ஒரு தவணையில் நீர்ப்பாசனத்தின் கீழ் வருவான். இன்னொரு தவணையில் வெளிநாட்டு உறவுகளின் கீழ் வருவான். அவன் யாருக்குப் பின் ஆண்டான், யாருக்கு முன் ஆண்டான் என்பது பிள்ளைக்குப் புரியாது. 1980 இல் இலவசப் பாடநூல் வந்தது. என் ஆசிரிய வாழ்வில் கண்ட மாற்றங்களில் இதைவிடப் பெரியது வேறொன்றைச் சொல்லமாட்டேன். நாற்பது பேருக்கு ஏழு புத்தகம் என்ற காலம் ஒரே ஆண்டில் முடிந்தது. புத்தகம் வாங்க வசதியில்லாத பிள்ளை கடைசி வாங்கில் ஒதுங்கி உட்காரும் நிலையும் அதோடு முடிந்தது.

வரலாறு மீண்டும் தனிப் பாடமாக, கட்டாயப் பாடமாக வந்தது 2007 இல். இன்று க.பொ.த. சாதாரண தரத்தில் சமயம், தாய்மொழி, ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம் என்பவற்றோடு வரலாறும் எல்லோரும் எழுத வேண்டிய பாடம். குடியுரிமைக் கல்வி அப்படியல்ல. விரும்பினால் தெரிவு செய்யலாம். என் பேத்தியின் புத்தகம் வழுவழுப்பான தாளில் வண்ணப் படங்களோடு இருக்கிறது. வினாத்தாளின் முதற்பகுதியில் 40 பல்தேர்வு வினாக்கள். இரண்டாம் பகுதியில் படம் குறித்தல், அமைப்பு வினா, கட்டுரை. அந்த நாற்பதுக்காகவே மாலையில் ரியூசன். கடந்தகால வினாத்தாள் பத்து ஆண்டுக்குரியதைச் செய்து முடித்தால் போதும் என்று அங்கே சொல்லிக்கொடுக்கிறார்கள். அவள் நல்ல புள்ளி எடுக்கிறாள். ‘1658 இல் நடந்தது என்ன?’ என்று கேட்டால் நான்கு விடைகளில் சரியானதற்குப் புள்ளடி போடுகிறாள். தண்ணீர் இல்லாமல் சரணடைந்த கதையை நான்தான் சொன்னேன். அந்தக் கோட்டையை அவளும் பார்த்திருக்கிறாள். 1971 கிளர்ச்சியில் கைதானவர்களை அடைத்து வைத்த இடம் அது. இப்போது கடற்படை நடத்தும் விடுதி.

படம் குறித்தல் இன்னும் இருப்பது எனக்கு ஆறுதல். ஆனால் வினாத்தாளில் அச்சிட்டு வரும் அந்தச் சிறு படத்தில் எங்கள் தீவுகள் பேனா முனைக்கும் அடங்காதவை. அங்கே எதையும் குறிக்கும்படி யாரும் கேட்பதுமில்லை. வாத்தியார் அழுத்தி வைத்த புள்ளி அந்தத் தாளில் இல்லை.

இங்கே ஒரு கல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயிலில் ஒரு தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. வெட்டுவித்தவன் முதலாம் பராக்கிரமபாகு. 1153 முதல் 1186 வரை பொலனறுவையிலிருந்து ஆண்ட அரசன். ஊராத்துறைக்கு, அதாவது இன்றைய ஊர்காவற்றுறைக்கு, வரும் பரதேசிகளுக்குப் பாதுகாப்பு அளிக்க வேண்டும் என்கிறது அது. யானையும் குதிரையும் கொண்டு வரும் மரக்கலம் உடைந்தால் காற்பங்கு அரச பண்டாரத்துக்கு, முக்காற்பங்கு உடையவனுக்கு. மற்றச் சரக்கு கொண்டு வரும் கலம் உடைந்தால் சரிபாதி. ஒரு துறைமுகத்தின் சட்டம், வணிகருக்குத் தெரியும்படி கல்லில் எழுதி நாட்டப்பட்டிருக்கிறது. சிங்கள அரசன் ஒருவன், தன் சட்டத்தை இந்தத் தீவுகளில் தமிழில் எழுதுவித்திருக்கிறான். 12 ஆம் நூற்றாண்டில்.

நாங்கள் படித்த பராக்கிரமபாகு பெருங்குளம் கட்டியவன். ஆனித் திருவிழாவுக்கு ஆண்டுதோறும் நயினாதீவுக்குப் போனோம். சனத்தோடு சனமாக அந்தக் கோயிலுக்குள் போய்த் திருநீறு பூசிக்கொண்டு வந்தோம். ஒரு நாளும் அந்தக் கல்லைத் தேடவில்லை. எங்கள் வாத்தியாரையும் குறை சொல்ல முடியாது. கா. இந்திரபாலா அக்கல்வெட்டை வாசித்து விளக்கி வெளியிட்டது 1963 இல். அதுவும் பல்கலைக்கழகச் சஞ்சிகையில், ஆங்கிலத்தில். வேலணையில் ஒரு வகுப்பறைக்கு அது வந்து சேர நீண்ட காலம் எடுத்தது. எனக்கே ஆசிரியனாகிப் பல ஆண்டுகள் சென்ற பிறகுதான் தெரிந்தது. தெரிந்த அன்று, 1956 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சட்டத்தைப் பற்றி, சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கிய அந்தச் சட்டத்தைப் பற்றி, அதுவரை கற்பித்ததுபோல இனிக் கற்பிக்க முடியாது என்று எனக்குப் பட்டது. எட்டு நூற்றாண்டுக்கு முந்திய தமிழ்க் கட்டளை ஒன்று பக்கத்துத் தீவில் நிற்கிறது என்று சொன்னபோது வகுப்பு நிமிர்ந்து உட்கார்ந்தது. 1956 ஐ அந்தப் பிள்ளைகள் அதற்குப் பிறகு ஆண்டாகப் பாடமாக்கவில்லை.

இன்று நிலைமை மேல். 2005 இல் தொடங்கிய ‘நூலகம்’ என்ற எண்ணிம நூலகத்தில் ஈழத்து நூல்களும் சஞ்சிகைகளும் பத்திரிகைகளும் இலவசமாகக் கிடைக்கின்றன. முத்துத்தம்பிப்பிள்ளை 1912 இல் எழுதிய யாழ்ப்பாணச் சரித்திரத்தைக் கண்ணால் காண எங்கள் வாத்தியார் யாழ்ப்பாண நூலகத்துக்குப் போக வேண்டியிருந்தது. அந்த நூலகம் 1981 இல் எரிந்தது. 97,000 நூல்கள் போயின. இப்போது அப்படிப்பட்ட பழைய நூல்களை என் பேத்தி கைத்தொலைபேசியில் திறக்கிறாள். எங்கள் தீவின் சாட்டிக் கடற்கரை மணலில் ஆதிக் குடியிருப்பின் தடயங்களை யாழ்ப்பாணத்துத் தொல்லியலாளர்கள் கண்டு எழுதியிருக்கிறார்கள். நாங்கள் அந்த மணலில் பந்தடித்தோம். கீழே என்ன இருக்கிறது என்று சொல்ல அன்று யாருமில்லை. தேடினால் கிடைக்கும் காலம் இது. தேடச் சொல்லும் வினா வினாத்தாளில் இல்லை என்பதுதான் குறை.

பாடநூலைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது பெரும்பாலும் சிங்களத்தில் எழுதப்பட்டுத் தமிழுக்குப் பெயர்க்கப்படுகிறது. எங்கள் காலத்தில் ஆங்கிலத்திலிருந்து வந்தது; இப்போது சிங்களத்திலிருந்து வருகிறது. யாழ்ப்பாண இராச்சியத்துக்குக் கிடைப்பது சில பக்கங்கள். முப்பது ஆண்டுப் போருக்கு அதுவுமில்லை. அன்றும் இன்றும் இங்கிருந்து எழுதப்பட்ட ஒரு வரலாற்றுப் பாடநூலை எங்கள் பிள்ளைகள் படித்ததில்லை.

குடியியலுக்கு வருகிறேன். எங்கள் காலத்தில் அது எளிதான பாடம். புத்தகம் சொன்னதெல்லாம் ஊரில் நடமாடியது. ‘அடிமட்ட நிர்வாகம்’ என்று வாத்தியார் சொன்னால் எங்களுக்கு விதானையார் தெரியும். 1963 இல் அந்தப் பதவி ஒழிந்து கிராமசேவையாளர் வந்த பிறகும் ஊர் அவரை விதானையார் என்றே அழைத்தது. இன்றைய கிராம அலுவலரையும் முதியவர்கள் அப்படித்தான் அழைக்கிறார்கள். ‘உள்ளூராட்சி’ என்றால் கிராமசபை. ஒழுங்கையில் விளக்குக் கம்பம் நடுவது பற்றி இரண்டு வட்டாரத்து உறுப்பினர்கள் சந்தியில் நின்று வாதிட்டதை நாங்கள் கேட்டிருக்கிறோம். ‘பிரதேச நிர்வாகம்’ என்றால் காரியாதிகாரி. ‘பாராளுமன்றம்’ என்றால் ஊர்காவற்றுறைத் தொகுதி உறுப்பினர். கல்யாண வீட்டில் பந்தியில் பக்கத்தில் இருந்து சாப்பிட்டவர்.

1970 மே மாதத் தேர்தல் எங்களுக்குச் செய்முறைப் பாடமாக அமைந்தது. தமிழரசுக் கட்சியிலிருந்து விலகித் தமிழர் சுயாட்சிக் கழகத்தை அமைத்திருந்த வி. நவரத்தினம் ஒரு பக்கம். தமிழரசுக் கட்சியின் சார்பில் தமிழறிஞர் கா. பொ. இரத்தினம் மறுபக்கம். சமஷ்டி என்றால் என்ன, சுயாட்சி என்றால் என்ன என்று வங்களாவடிச் சந்தியில் ஒலிபெருக்கி கட்டிப் பேசினார்கள். அடுத்த நாள் வகுப்பில் வாத்தியார் கட்சி பேசவில்லை. இரண்டு சொற்களையும் கரும்பலகையில் எழுதி, இரண்டுக்கும் வேறுபாடு கேட்டார். இரத்தினம் வென்றார். 1959 இல் வாக்குரிமை வயது 21 இலிருந்து 18 ஆகியிருந்ததால் எங்களுக்கு நாலைந்து வகுப்பு மேலே படித்தவர்கள் முதன்முறை வாக்களித்துவிட்டு வந்து விரலைக் காட்டினார்கள்.

அப்போது நாங்கள் பாடமாக்கிய அரசியலமைப்பு சோல்பரி. பிரதிநிதிகள் சபையில் 157 பேர், மேலே செனற் சபை, அதற்கும் மேலே முடி. சிறுபான்மையினருக்குக் காப்பு என்று 29 ஆம் பிரிவைப் படித்தோம். 1971 இல் செனற் சபை போயிற்று. 1972 மே 22 இல் 29 ஆம் பிரிவும் போயிற்று. பழைய புத்தகத்தின் அந்தப் பக்கங்களில் வாத்தியார் பென்சிலால் குறுக்குக் கோடு போட்டதைப் பார்த்தேன். நான் கற்பிக்கத் தொடங்கியபோது 1972 யாப்பும் முடிந்து 1978 யாப்பு நடைமுறையில் இருந்தது. அந்த யாப்பு இதுவரை 21 ஆவது திருத்தம்வரை வந்துவிட்டது. பாராளுமன்றத்தில் இப்போது 225 பேர். 196 பேர் மாவட்டங்களிலிருந்து, 29 பேர் தேசியப் பட்டியலிலிருந்து. என் குறிப்புக் கொப்பியில் ஒரே பாடத்தை எத்தனை முறை அடித்துத் திருத்தி எழுதினேன் என்று கணக்கில்லை.

தீவகத்துக் குடியியலுக்கு வேறோர் அத்தியாயம் உண்டு. புத்தகத்தில் அது இல்லை. வெறுமையாகக் கிடந்த ஆசனங்களின் அத்தியாயம் அது. 1931 இல் சர்வசன வாக்குரிமை வந்தது. அந்த முதல் தேர்தலிலேயே யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் முழுச் சுதந்திரம் கேட்டுப் பகிஷ்கரிப்புக்கு அழைத்தது. வடக்கின் நான்கு தொகுதிகள் 1934 வரை உறுப்பினர் இல்லாமல் கிடந்தன. ஊர்காவற்றுறை அவற்றில் ஒன்று. அது நாங்களே விட்டுவைத்த வெறுமை. 1983 இல் வந்தது வேறு வகை. ஆறாவது திருத்தத்தின்படி பிரிவினைக்கு எதிராகச் சத்தியம் செய்ய மறுத்த தமிழர் விடுதலைக் கூட்டணி உறுப்பினர்கள் ஆசனம் இழந்தார்கள். 1977 இல் மீண்டும் வென்றிருந்த எங்கள் உறுப்பினரும் அவர்களில் ஒருவர். அதற்குப் பின் தனித் தொகுதி என்பதே இல்லாமல் போயிற்று. 1989 முதல் விகிதாசாரத் தேர்தல். ஊர்காவற்றுறை இன்று வாக்கெண்ணும் பிரிவு மட்டும். 1994 இல் யாழ் மாவட்டத்தில் பதிவான வாக்காளர் ஏறத்தாழ 6 இலட்சம். வாக்களித்தவர் 14 ஆயிரம் அளவில், அவர்களில் பெரும்பாலோர் தீவகத்தில். அந்த வாக்குகளால் பத்து உறுப்பினர்கள் தெரிவானார்கள். அந்த ஆண்டில் ‘பிரதிநிதித்துவ சனநாயகம்’ என்ற தலைப்பைக் கற்பிப்பது எனக்கு மிகவும் கடினமாக இருந்தது. யாழ் மாவட்டத்துக்கு 2010 இல் 9 ஆசனம். 2015 இல் 7. 2024 இல் 6. வாக்காளர் இடாப்பில் குறைந்துபோன பெயர்கள் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் இருக்கின்றன. எத்தனையோ பெயர்கள் எங்குமே இல்லை.

அந்தக் காலத்தைச் சுருக்கமாகவே சொல்கிறேன். 1990 ஓகஸ்டில் தீவகத்தில் படை நடவடிக்கை தொடங்கியது. கடல் கடந்து குடாநாட்டுப் பக்கம் போனோம். ஆசிரியரும் மாணவரும் வேறு பாடசாலைகளின் மாலை நேரத்து வாங்குகளில் ஒதுங்கினோம். வகுப்புக்கு வந்த பிள்ளைகளின் தொகை வாரத்துக்கு வாரம் மாறியது. ஒரு நாள் ஒல்லாந்தர் காலத்துத் தோம்பைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன்; காணிகளையும் உரியவர்களையும் எழுதி வைத்த பதிவேடு அது. தன் காணி உறுதியைச் சீலைப் பையில் போட்டு எடுத்து வந்திருந்த ஒரு தாயின் மகள் அந்த வகுப்பில் இருந்தாள். தோம்பு என்றால் என்ன என்று அவளுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. 1996 க்குப் பின் மெல்ல மெல்லத் திரும்பி வந்தோம். கூரையில்லாத கட்டடங்களில் மறுபடி தொடங்கினோம். அந்த ஆண்டுகளில் வரலாற்று வகுப்பில் எதைப் பேசுவது, எதைப் பேசாமல் விடுவது என்பதை ஆசிரியர்களாகிய நாங்கள் ஒருவருக்கொருவர் கேட்காமலே முடிவு செய்துகொண்டோம். பாடநூல் எங்கே நின்றதோ அங்கே நாங்களும் நின்றோம். அது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

இன்றைய வகுப்பறைக்குத் திரும்புகிறேன். எங்கள் வாத்தியார் அதே ஊர். மாலையில் அவரை வயலிலும் கோயிலிலும் காணலாம். இன்று ஆசிரியர்களில் பலர் காலையில் பண்ணைப் பாலம் கடந்து பஸ்ஸில் வந்து, ஒன்றரைக்குப் பாடசாலை விட்டதும் அதே பஸ்ஸில் திரும்புகிறார்கள். படிப்பும் பயிற்சியும் எங்களைவிட அதிகம் உள்ளவர்கள். குறிப்புச் சொல்லி எழுத வைக்காமல் குழுவாகப் பிரித்து வேலை கொடுக்கிறார்கள். பிள்ளைகள் எழுந்து நின்று கருத்துச் சொல்கிறார்கள். எங்கள் காலத்தில் வாத்தியாரிடம் கேள்வி கேட்டவன் ஒருவன். அவனை அதிகப்பிரசங்கி என்றோம். மாணவர் பாராளுமன்றம் என்று ஒன்று நடக்கிறது. வாக்குச் சீட்டு அடித்து, பெட்டி வைத்து, எண்ணி, பிரதமரும் அமைச்சர்களும் தெரிவாகிறார்கள். என் பேத்தியின் வகுப்புத் தோழி சுகாதார அமைச்சர். தண்ணீர்த் தாங்கியைக் கழுவுவிக்க அதிபரிடம் கடிதம் கொடுத்தாள். நாங்கள் குடியியலைப் பார்த்துப் படித்தோம், இவர்கள் செய்து படிக்கிறார்கள். இது பெரிய முன்னேற்றம் என்று மனதாரச் சொல்கிறேன்.

உலகமும் அவர்களுக்குக் கிட்ட வந்துவிட்டது. 2022 யூலையில் ஒரு சனாதிபதி பதவி விலகியதையும், பாராளுமன்றம் 134 வாக்குகளால் இன்னொருவரைத் தெரிவு செய்ததையும் கைத்தொலைபேசியில் நேரடியாகப் பார்த்தார்கள். யாப்பின் அந்த உறுப்புரையை நான் முப்பது ஆண்டுகள் கற்பித்தேன். அப்படியொரு போட்டி வாக்கெடுப்பு நடந்து கண்டது அன்றுதான். 2024 செப்ரெம்பரில் சனாதிபதித் தேர்தலில் முதன்முறையாக இரண்டாம் விருப்பு வாக்கு எண்ணப்பட்டபோது, வாக்குச் சீட்டில் 1, 2, 3 என்று ஏன் எழுத வேண்டும் என்பதை வீட்டில் எங்களுக்கு விளக்கியவள் அவள்தான்.

ஆனால் ஒரு மாலை அவள் கேட்ட கேள்விக்கு என்னால் நேராகப் பதில் சொல்ல முடியவில்லை. மாகாண சபை பற்றிய பாடம். 1987, பதின்மூன்றாவது திருத்தம், ஆளுநர், முதலமைச்சர், அமைச்சர் வாரியம் எல்லாம் கோடிட்டு வைத்திருந்தாள். “அம்மப்பா, எங்கட மாகாண சபையில இப்ப ஆர் இருக்கினம்?” என்றாள்.

வட மாகாண சபைக்கு இதுவரை நடந்த தேர்தல் ஒன்றே ஒன்று: 2013 செப்ரெம்பர் 21. 38 உறுப்பினர்கள். அதன் காலம் 2018 ஒக்ரோபரில் முடிந்தது. அதற்குப் பின் தேர்தல் இல்லை. அன்று தரம் 6 இல் இருந்த பிள்ளை அந்தப் பாடத்தைப் படித்து, பரீட்சை எழுதி, 18 வயதையும் தாண்டிவிட்டது. பிரதேச சபையின் நிலையும் அண்மைவரை அப்படித்தான்; 2018 இல் தெரிவான சபைகளின் காலம் 2023 இல் முடிந்து, அடுத்த தேர்தல் 2025 மே 6 இல்தான் நடந்தது. எங்களுக்குப் புத்தகம் கிடைக்கவில்லை, ஆட்சி வீட்டு வாசலில் இருந்தது. இவளுக்குப் புத்தகம் கையில் இருக்கிறது. அதில் எழுதியிருக்கும் சபையைத்தான் காட்ட முடியவில்லை.

2025 இல் புதிய சீர்திருத்தம் பேசப்பட்டபோது, வரலாறு கட்டாயப் பாடமாக நிற்குமா என்று நாடெங்கும் விவாதம் எழுந்தது. நிற்க வேண்டும் என்பதே என் எண்ணம். அத்தோடு, எங்கள் வாத்தியார் செய்ததுபோல, படத்தில் ஒரு புள்ளியை அழுத்திப் பெரிதாக்கும் உரிமை ஒவ்வொரு ஊர் ஆசிரியருக்கும் இருக்க வேண்டும். அதற்கு ஒரு சுற்றறிக்கையும் தேவையில்லை. பத்து நிமிடமும் ஒரு வெண்கட்டியும் போதும்.

தீவகத்தில் இந்தப் பாடங்களைக் கற்பிக்கும் தம்பி தங்கைமாரிடம் இரண்டு காரியம் கேட்கிறேன். கிராமசபைகள் 1981 உடன் முடிந்தன. அவற்றுக்கு வாக்களித்தவர்களில் சிலர் இன்னும் ஊரில் இருக்கிறார்கள். எழுபதையும் எண்பதையும் கடந்தவர்கள். பிள்ளைகளைக் கொப்பியோடு அவர்களிடம் அனுப்பி, கேட்டு எழுதச் செய்யுங்கள். மற்றது, ஆண்டுக்கு ஒரு முறையாவது தரம் 10 பிள்ளைகளைப் பராக்கிரமபாகுவின் கல்லுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்துங்கள். வேலணையிலிருந்து குறிகட்டுவானுக்கு பஸ் போகிறது. அங்கிருந்து நயினாதீவுக்குப் படகில் இருபது நிமிடம்தான்.